நீர் நிற்கும் வயலில் தாகம்

பயிர் வாடினால் நீரில்லை என்று எண்ணுவதே இயல்பு. ஆயின், நீர் தேங்கி நிற்கும் வயலிலும் நெற்பயிர் தாகத்தால் மடியக்கூடும். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, 1991 வரை தஞ்சை மாவட்டத்தின் பகுதியாயிருந்த நாகப்பட்டினக் கரையோர வயல்களைக் கடல்நீரால் நிறைத்தபோது, உழவர்கள் இதனைக் கண்கூடாகக் கண்டனர். இம்முரணின் விடை, கண்ணுக்குப் புலப்படாத செல் சவ்வில் இருக்கிறது.

அசையாத நீரில் ஒரு கற்கண்டை இட்டுவைத்தால், கலக்காமலேயே நீர் முழுவதும் மெல்ல இனிப்பேறும். மூலக்கூறுகள் ஓயாது அலைவதால், செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு அவை பரவுகின்றன. இதுவே விரவல். செறிவின் வேறுபாடு கூடுந்தோறும் விரவலின் வேகமும் கூடும் என்ற விதியை 1855இல் ஜெர்மானிய உடலியல் அறிஞர் அடால்ஃப் ஃபிக் வகுத்தார். உயிர்வளியும் கரியமில வாயுவும் இவ்வழியே செல் சவ்வை எளிதில் கடக்கின்றன. உப்புக்கோ அவ்வுரிமை இல்லை. சவ்விலுள்ள தனிப் புரதங்கள் இடங்கொடுத்தாலன்றி அது உட்புக இயலாது.

நீரை விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வின் இருபுறமும் வெவ்வேறு செறிவுள்ள கரைசல்கள் இருப்பின், உப்பு நகர இயலாமையால் நீரே நகர்கிறது. கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்லும் இந்நிகழ்வே சவ்வூடு பரவல். 1748இல் பிரெஞ்சுப் பாதிரியார் நொல்லே, விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலால் மூடிய சாராயக் கலத்தை நீரில் அமிழ்த்தி, தோல் உப்பி எழுவதைக் கண்டு இதனைப் பதிவு செய்தார். சவ்வில் நீருக்கென்றே அமைந்த நுண்வாயில்களான அக்வாபோரின்களைக் கண்டறிந்தமைக்காக, அமெரிக்க அறிஞர் பீட்டர் ஏக்ர் 2003இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இனி வயலுக்கு வருவோம். ஆற்றுநீரில் கரைந்துள்ள உப்பு சொற்பம். வேர்த்தூவியின் செல்சாறு அதனினும் செறிவானது. ஆகவே நீர் தானாகவே வேருக்குள் புகுகிறது. கடல்நீரிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்திற்குச் சமம். நெல்வேரின் செல்சாறு இதற்கு ஈடுகொடுக்க இயலாது. நேற்று வரை நீரை உள்ளே அனுப்பிய அதே விதி, இன்று செல்லிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. உப்பிட்ட நாரத்தங்காய் நீர் விட்டுச் சுருங்குவதும் இவ்வாறே.

சில செடிகள் இதனை வெல்லும் ஆற்றல் பெற்றவை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் மிகுந்திருக்கும் மரம் அவிசென்னியா மரினா. மருத்துவ மேதை இப்னு சீனாவின் இலத்தீன் பெயரான அவிசென்னாவை நினைவுகூர்ந்து லின்னேயஸ் சூட்டிய பேரினப் பெயர் அவிசென்னியா. அம்மரத்தின் வேர் பெருமளவு உப்பை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. மீறி நுழைவதை இலையின் உப்புச் சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. நெல்லிலும் குழியடிச்சான், களர்பாலை போன்ற பாரம்பரிய இரகங்கள் உவரைத் தாங்குபவையாக உழவர்களால் போற்றப்படுகின்றன. எனினும் எந்த நெல்லும் கடல்நீரில் விளைவதில்லை.

எனவே மண்ணைக் கழுவுவதே மெய்யான மருந்து. வரப்புயர்த்தி நன்னீரைத் தேக்கி, உப்பு கரைந்தபின் வடித்துவிட வேண்டும். களிமண்ணோடு ஒட்டிய சோடியத்தை ஜிப்சத்திலுள்ள கால்சியம் விடுவிக்கும். தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகும். ஆழிப்பேரலைக்குப் பின் இம்முறைகள் கையாளப்பட்டன; 2005இன் வடகிழக்குப் பருவமழையும் பெருந்துணை புரிந்தது.

ஆனால் உவர் புகுவதற்கு ஆழிப்பேரலைதான் வரவேண்டும் என்பதில்லை. ஆற்றில் நன்னீர் வரத்துக் குன்றும்போது, கடல்நீர் முகத்துவாரங்களின் வழியே மேலேறுகிறது. நிலத்தடி நீரை மிகுதியாக இறைக்கும்போது அடியிலிருந்தும் ஊடுருவுகிறது. கடலில் கலக்கும் காவிரி நீரெல்லாம் வீண் என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். கடைமடையைத் தாண்டி ஓடும் அந்த நீர்தான், கடலை அதன் எல்லையில் நிறுத்தி, நெல்லின் வேர் நீர் அருந்த வழிசெய்கிறது.