சடை வளர்த்தலும் சடை விழுதலும்

தமிழில் ‘சடை’ என்கிற குறிப்பானுக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு தலைகள் இருக்கின்றன. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, வகிடு பிரித்துப் பின்னிவிடுவதும் சடை. சீப்பே படாமல் திரிதிரியாகத் திரண்டு தொங்குவதும் சடை. முன்னது, குடும்பத்தின் கண்காணிப்பு தலைமேல் அன்றாடம் எழுதுகிற பிரதி. பின்னது, அந்த எழுத்து நின்றுபோன இடம்.

பாளையங்கோட்டை இளம் நண்பர்கள் சிலர், கவிதை எழுதுகிறவர்கள், இயக்க வேலை பார்க்கிறவர்கள், இந்த இரண்டாவது சடையை வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ‘மெழுகு, கொக்கி ஊசி ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி, இயற்கையா விழணும். ஆரம்பத்துல என்ன செய்யணும்?’ என்று கேட்கிறார்கள். கேள்விக்கு நேரான பதில் உண்டு. ஆனால் அந்த ‘விழணும்’ என்கிற வினையைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மயிரின் சங்கதி. (இந்தச் சொல்லை வசவாக்கி ஒதுக்கிவிட்டு ‘முடி’ என்று நாகரிகம் பேசுகிறோம். வள்ளுவர் கூசவில்லை.) ஒவ்வொரு இழையின் மேலும் ஓட்டுக்கூரை மாதிரி நுண்ணிய செதில்கள் அடுக்கியிருக்கின்றன. ஈரத்தில் இழை ஊதும், செதில் லேசாகத் தூக்கும், பக்கத்து இழையோடு உரசிப் பற்றும். கம்பளியை வெந்நீரில் கசக்கினால் இறுகிப்போவதும் இதே காரியந்தான். நாளொன்றுக்கு 50 முதல் 100 இழைகள் எல்லாருக்கும் உதிர்கின்றன. வாருகிற தலையில் அவை சீப்போடு போய்விடும். வாராத தலையில் போக வழியில்லாமல், வேரில் நிற்கிற இழைகளைச் சுற்றிக்கொள்ளும். சுருட்டை முடி சீக்கிரம் பிடிக்கும். நம்மில் பலருக்கும் உள்ள நீட்டு முடிக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகும். முதல் சில மாதங்கள் வெறும் பரட்டைதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகவே வரும்.

ஆகவே சீப்பை நிறுத்துங்கள். எண்ணெயையும் நிறுத்துங்கள், இழை வழுக்கினால் முடிச்சு நிற்காது. ஆனால் குளியலை நிறுத்தாதீர்கள். அழுக்குத் தலையில்தான் சடை பிடிக்கும் என்பது பொய். பிசுக்கும் எண்ணெய்போல வழுக்கவே செய்யும். வாரம் ஒன்றிரண்டு தரம் தலையை அலச வேண்டும். சீயக்காய்த் தூளை அப்படியே தேய்த்தால் துகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஊறவைத்து வடிகட்டிய தண்ணீர் போதும். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் சோப்புப் போட்டால் வெள்ளைக் கசடு படியும். மேலே பாபநாசத்தில் முழுகுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. நெல்லைக்குக் கீழே, சாக்கடை கலந்த பிறகு, தாமிரபரணியில் தலை முழுகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் அடியில் விரலை விட்டுத் திரிதிரியாகப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்மண்டையில் ஒரே வரட்டியாகக் கட்டிக்கொள்ளும். முறுக்கி இறுக்குவது கூடாது, நாளடைவில் வேர் இளகி வழுக்கை விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் காயவைப்பது. புறநானூற்றில் மாற்பித்தியார் பாடிய 251, 252ஆம் பாட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். தாபத வாகை என்று துறை வகுத்து வகுப்பில் நடத்திவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அவை சடை பராமரிப்புக் குறிப்பாகவும் படுகின்றன. முதல் பாட்டின் துறவி அருவியில் குளித்துவிட்டு, காட்டு யானை கொண்டுவந்த விறகில் தீ வளர்த்து, முதுகில் தாழ்ந்த சடையைப் புலர்த்துகிறான். அடுத்த பாட்டில் அருவி நீர் விழுந்து விழுந்து சடை நிறம் மாறித் தில்லை இலைபோல ஆகிவிட்டது. ஈரம் உள்ளேயே தங்கினால் சடை முடை நாறும் என்பதை அந்தக் காட்டுவாசி அறிந்திருப்பான். நமக்கு யானை விறகு வராது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தொடங்காமல் தை கழிந்து தொடங்கினால் வெயில் பார்த்துக்கொள்ளும்.

இத்தனையும் செய்த பிறகு அது எப்படி ‘தானாக விழுந்தது’ ஆகும்? இயற்கை என்று நாம் சொல்வது இங்கே கை தெரியாத உழைப்பு. மாற்பித்தியாரின் ஆணுக்கு ஒரு முன்கதை உண்டு. முன்பு பெண்களைச் சொல்வலையில் பிடித்த வேட்டுவன், இன்று தாளி இலை கொய்கிறவன். அவன் சடை அவன் எடுத்த முடிவு. ஆண் சடை ‘வளர்க்கிறான்’. பெண்ணுக்குத்தான் சடை ‘விழுகிறது’. எழுவாயாக அவள் அங்கே இல்லை. சாமி இருக்கும், இல்லையென்றால் பைத்தியம் இருக்கும்.

சவதத்தி எல்லம்மாவின் பெயரால் இது எங்கே போய் முடிந்தது என்பது தெரிந்ததே. வடகர்நாடகத்திலும் தென்மகாராஷ்டிரத்திலும் சிறுமியின் தலையில் சிக்குப் பிடித்தால் அம்மன் அழைப்பு என்று வாசித்து, அவளைப் பொட்டுக்கட்டி விட்டார்கள். கர்நாடகம் 1982இல் இதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. நரேந்திர தாபோல்கர் 1989இல் தொடங்கிய அந்தசிரத்தா நிர்மூலன் சமிதியின் தோழர்கள் ஊர் ஊராகப் போய், பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்து, சடையை வெட்டிவருகிறார்கள். தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பேசிச் சம்மதிக்கவைத்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். கணநாத் ஒபயசேகர 1981இல் வெளியிட்ட ‘மெடூசாவின் கூந்தல்’ கதிர்காமத்துச் சடைச் சாமியாரிணிகளைப் பற்றியது. ஃப்ராய்டின் பக்கம் அவர் கூடுதலாகச் சாய்கிறார் என்பது என் அபிப்பிராயம். ஆனால் சடை எல்லாருக்கும் பொதுவான குறியீடு என்று முடித்துவிடாமல், ஒவ்வொருத்தியின் வாழ்க்கையையும் உட்கார்ந்து கேட்டார். கணவனோடு படுக்க மாட்டேன் என்று சொல்ல வேறு பாஷை இல்லாதவர்களுக்குக் கடவுள் கொடுத்த சடை அந்த பாஷையாகியிருக்கிறது. அப்படிப்பட்டவள் தலையில் கேட்காமல் கத்தரி வைக்கிறவன் பகுத்தறிவாளனாகவே இருக்கட்டும், 1963இல் ஜமைக்காவில் ராஸ்தஃபாரிகளைப் பிடித்துச் சடையை அறுத்த போலீஸுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? அந்த அரசாங்கம் மன்னிப்புக் கேட்க 2017 ஆயிற்று.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பெண். பிரசவம் முடிந்து காய்ச்சலில் இரண்டு மாதம் கிடந்தாள். தலை வார ஆளில்லை. எழுந்தபோது பின்னந்தலை முழுக்கச் சிக்கு. ‘ஏட்டி, அம்மன் எறங்கியிருக்கா, சீப்பு வச்சிராத’ என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். செவ்வாய் வெள்ளியில் அக்கம்பக்கத்தார் வந்து கும்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் தோழி ஒருவர் போயிருந்தபோது அவள் தனியாகக் கூப்பிட்டு, ‘இத எடுத்தா கண்ணு போயிருமாக்கா?’ என்று கேட்டிருக்கிறாள். கேட்டது அவள். அதனால் எடுத்தார்கள். தேங்காயெண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, நுனியிலிருந்து மேலே, பின்னூசியால் இழை இழையாக, இரண்டு மத்தியானம். நண்பர்களுக்கு நான் வேண்டாமென்ற எண்ணெய்தான் இங்கே வேலை செய்தது.

இப்படி எடுக்க முடிவது ஆரம்ப மாதங்களில்தான். வருஷம் தாண்டி இறுகிவிட்டால் வெட்டத்தான் வேண்டும். அதற்காக மொட்டை போட வேண்டியதில்லை. வேரிலிருந்து புதிதாக வளர்ந்த இரண்டு விரற்கடை முடி பெரும்பாலும் பிடிக்காமல்தான் இருக்கும். சடை இறுகத் தொடங்குகிற இடத்தில் கத்தரியை வைத்தால் வாரும் அளவுக்கு முடி மிஞ்சும். வெட்டினால் ரத்தம் வரும், பார்வை போகும் என்று பயமுறுத்தி வைத்திருப்பார்கள். மயிரிழைக்குள் நரம்பும் கிடையாது, ரத்தமும் கிடையாது. பாரம் குறைந்ததில் இரண்டொரு நாள் கழுத்து லேசாக இருக்கும்.