கணக்கில் சேரும் ஆட்டமும் சேராத ஆட்டமும்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் குடியேறியுள்ள எம்மவர்கள் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வேலைத்தலத்தின் சாப்பாட்டு அறையிலோ, முடிவெட்டும் கடையிலோ, உடுப்புத் தோய்க்கும் லோண்டறியிலோ மாட்டியிருக்கும் தொலைக்காட்சியை எந்தச் சனலுக்குத் திருப்புவது என்று ஒரு சிறு வாக்குவாதம் நடக்கும். ஒரு சனலில் நியூயோர்க் யாங்கீஸ் அணிக்கும் பொஸ்ரன் ரெட் சொக்ஸ் அணிக்கும் இடையே பேஸ்போல் ஆட்டம். மற்றதில் புட்போல் பருவம் தொடங்கும் முன் நடக்கும் 'பிரிசீசன்' ஆட்டம். முதலாவதன் முடிவு புள்ளிப் பட்டியலில் ஏறும். இரண்டாவதன் முடிவு எந்தப் பட்டியலிலும் ஏறாது. பிறகு எதற்கு இந்த வாக்குவாதம்?

விளையாட்டுச் செய்திதானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். புதிதாக வந்த ஒருவரிடம் சக வேலையாட்கள் முதலிற் பேசுவது காலநிலையைப் பற்றி; அடுத்தது பெரும்பாலும் விளையாட்டைப் பற்றி. எமது பிள்ளைகளும் பாடசாலைக்குப் போன சில வாரங்களுக்குள் ஏதாவதொரு அணியின் தொப்பியைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பொஸ்ரன் நகரில் யாங்கீஸ் தொப்பியோடு பாடசாலைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

இரண்டு விளையாட்டுகள், இரண்டு கணக்குகள்

முதலில் பெயரைத் தெளிவாக்கிக் கொள்வோம். இங்கு 'புட்போல்' என்றால் நாம் ஊரில் விளையாடிய உதைபந்தாட்டம் அல்ல. அதை இவர்கள் 'சொக்கர்' என்கிறார்கள். இவர்களது புட்போல், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டும் எறிந்தும் முன்னேறுகின்ற, தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்து மோதுகின்ற ஆட்டம்.

பேஸ்போல் எமது கிறிக்கெற்றின் தூரத்து உறவு எனலாம். ஒருவர் பந்தெறிய மற்றவர் அடிப்பார். அடித்த பந்து எல்லைச் சுவரைத் தாண்டிப் போனால் அது 'ஹோம் ரன்'. மூன்று பேர் ஆட்டமிழந்தால் அணிகள் இடம் மாறும். இப்படி ஒன்பது இனிங்ஸ்.

பெரிய வேறுபாடு ஆட்டங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு பேஸ்போல் அணி வசந்தம் தொடங்கிச் செப்ரெம்பர் முடிவதற்குள் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. கிட்டத்தட்ட நாளுக்கொன்று. புட்போல் அணிக்கோ 2021 முதல் பருவத்துக்கு 17 ஆட்டங்கள் மட்டுமே, வாரத்துக்கு ஒன்று. ஆகவே ஒரு பேஸ்போல் தோல்வி அடுத்த நாளே மறந்துபோகக் கூடியது. புட்போலில் ஒரு தோல்வி ஒரு வாரம் முழுவதும் ஊரையே வாட்டும்.

பிரிசீசன் இந்தக் கணக்கிற் சேராது. செப்ரெம்பரில் பருவம் தொடங்குமுன் ஓகஸ்டில் ஒவ்வொரு அணியும் மூன்று ஆட்டங்கள் ஆடும். 2019 வரை இவை நான்காக இருந்தன. பெயர்பெற்ற வீரர்கள் சிறிது நேரம் ஆடுவார்கள், அல்லது ஆடவே மாட்டார்கள். இரண்டாவது பாதியில் களத்தில் நிற்பவர்களின் பெயர்கள் உள்ளூர் ரசிகருக்கே தெரியாது.

தந்தையரிடமிருந்து வந்த பகை

யாங்கீஸ், ரெட் சொக்ஸ் பகைக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. இரண்டு நகரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 200 மைல் தூரம். 1918 வரை பொஸ்ரன் ஐந்து தடவை 'வேர்ல்ட் சீரீஸ்' எனும் உயர் கிண்ணத்தை வென்றிருந்தது. யாங்கீஸ் ஒருமுறையும் வென்றதில்லை. 1919 டிசம்பரில் ரெட் சொக்ஸ் உரிமையாளர் பேப் ரூத் என்ற வீரரை 100,000 டொலருக்கு யாங்கீஸ் அணிக்கு விற்றார். அதன்பின் அதிர்ஷ்டம் திசைமாறிற்று. 1923 இலிருந்து 2000 வரை யாங்கீஸ் 26 தடவை வென்றது. பொஸ்ரனோ 86 ஆண்டுகள் வெறுங்கையோடு நின்றது. இதைப் 'பேப் ரூத்தின் சாபம்' என்றே அம்மக்கள் சொல்லி வந்தார்கள்.

1978 இல் யூலை நடுப்பகுதியில் யாங்கீஸ் அணியைவிடப் 14 ஆட்டங்கள் முன்னணியில் நின்ற பொஸ்ரன், பருவ முடிவில் சமநிலைக்கு வந்து, ஒக்ரோபர் 2 இல் நடந்த தீர்க்கும் ஆட்டத்தில் 5-4 எனத் தோற்றது. அதில் ஹோம் ரன் அடித்தவர் பக்கி டென்ற். பலமான அடிக்குப் பெயர்பெற்றவர் அல்லர். 2003 இல் இறுதிக்கு முந்திய தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பதினோராவது இனிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன் மீண்டும் பொஸ்ரனை வீட்டுக்கு அனுப்பிற்று. அடுத்த வருடம் அதே கட்டத்தில் மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்ற பொஸ்ரன், மிகுதி நான்கையும் வென்றது. பேஸ்போல் வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் அதைச் செய்ததில்லை. பின்னர் சென் லூயிஸ் அணியை வென்று, 2004 ஒக்ரோபர் 27 இல் 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்து வைத்தது. அந்த நாளைக் காணாமலே கண்மூடிய தகப்பன்மாரையும் பாட்டன்மாரையும் பலர் அன்று நினைத்துக் கொண்டார்கள்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான பெரிய மட்ச் நாட்களை அறிந்தவர்களுக்கு இது விளங்காத விடயமல்ல. தகப்பன் படித்த பள்ளிக்கூடத்தின் கொடியைத்தான் மகனும் பிடிப்பான். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. கொடியை மட்டும் விடமாட்டான்.

2006 ஓகஸ்ட்

இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க 2006 ஓகஸ்ட் நல்ல உதாரணம். அம்மாதம் 18 முதல் 21 வரை, நான்கு நாட்களில் ஐந்து ஆட்டங்கள் ஆட யாங்கீஸ் அணி பொஸ்ரனின் பென்வே பார்க் மைதானத்துக்கு வந்தது. அப்போது யாங்கீஸ் வெறும் ஒன்றரை ஆட்டம் முன்னணியில் இருந்தது. அதே வாரஇறுதியில் நாடெங்கும் புட்போல் பிரிசீசன் ஆட்டங்களும் நடந்தன.

வெள்ளிக்கிழமை ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். இரண்டாவது மட்டும் 4 மணி 45 நிமிடம் நீடித்தது. அதுவரை நடந்த ஒன்பது இனிங்ஸ் ஆட்டங்களுள் அதுவே மிக நீண்டது. யாங்கீஸ் ஐந்தையும் வென்று, ஆறரை ஆட்ட முன்னணியோடு ஊர் திரும்பியது. பொஸ்ரன் அந்த வருடம் மூன்றாம் இடத்துக்கு இறங்கிற்று. ஐந்து மாத உழைப்பு நான்கு நாட்களிற் கரைந்தது. அந்த நான்கு நாட்களும் புட்போல் பிரிசீசன் பக்கம் சனலைத் திருப்பிய பொஸ்ரன்காரர் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

பேஸ்போல் ரசிகரின் வாதம் இதுதான்: 162 இல் ஒன்று சிறியதுதான், ஆனால் அது உண்மையானது. தோற்றால் தோல்வி, திரும்ப எடுக்க முடியாது.

மற்றப் பக்கத்து நியாயம்

புட்போல் ரசிகரிடமும் நியாயம் இருக்கிறது. 1972 முதல் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில், தாம் பார்க்க மிகவும் விரும்பும் விளையாட்டு என அமெரிக்கர்கள் முதலிடம் கொடுத்து வருவது புட்போலுக்கே. 2023 இல் 41 வீதத்தினர் அதைச் சொன்னார்கள். பேஸ்போலைச் சொன்னவர்கள் 10 வீதம். பெப்ரவரியில் 'சுப்பர் போல்' எனும் இறுதியாட்டம் முடிந்தால் ஓகஸ்ட் வரை அரை வருடப் பட்டினி. பசித்தவனுக்குப் பழஞ்சோறும் அமிர்தம் அல்லவா? மேலும் ஓகஸ்டில் எல்லா அணிகளும் சமம். போன வருடம் கடைசியாக வந்த அணியின் ரசிகரும் இந்த வருடம் வெல்வோம் என்று நம்பலாம்.

ஆனாலும் புட்போல் ரசிகர்களுக்கே பிரிசீசன் மீது மனக்குறை உண்டு. பருவம் முழுவதற்கும் ரிக்கற் வாங்குபவர்கள் இந்த ஆட்டங்களையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது. கணக்கிற் சேராத ஆட்டத்துக்குக் கணக்கான காசு ஏன் என்று நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். காயங்களோ முழுக் கணக்கிற் சேர்கின்றன. 2003 ஓகஸ்டில் அற்லாண்டா அணியின் மைக்கல் விக் ஒரு பிரிசீசன் ஆட்டத்திற் காலை முறித்துக்கொண்டார். பருவத்தின் பெரும்பகுதி அவருக்குப் போயிற்று.

யாருக்கு இது விளையாட்டல்ல?

இவ்வளவும் ரசிகரின் தராசு. களத்தில் நிற்பவரின் தராசு வேறு.

கோடைகாலப் பயிற்சிக்கு ஒவ்வொரு புட்போல் அணியும் 90 பேரை அழைக்கிறது. ஓகஸ்ட் முடியுமுன் அதை 53 ஆகக் குறைக்க வேண்டும். அணிகள் 32. எனவே ஏறத்தாழ 1,200 பேர் சில நாட்களுக்குள் வேலை இழக்கிறார்கள். அவர்களுட் சிலரைப் பயிற்சி வீரர்களாகக் குறைந்த சம்பளத்தில் மீண்டும் எடுப்பார்கள். மிகுதிப்பேர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பிரிசீசனின் கடைசிப் பாதியில், பாதி வெறுமையான மைதானத்தில், பெயர் தெரியாத இளைஞன் உயிரைக் கொடுத்து ஓடுவது இதற்காகத்தான். பார்ப்பவர்களுக்குக் கணக்கில்லாத ஆட்டம் அவனுக்கு வேலைக்கான நேர்முகப் பரீட்சை.

கேர்ட் வோர்னர் என்பவரின் கதையை எமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். 1994 இல் கிறீன் பே பக்கர்ஸ் அணி அவரைப் பயிற்சி முகாமிலிருந்து திருப்பி அனுப்பியது. அயோவா மாநிலத்தில் ஒரு சுப்பர்மாக்கற்றில் இரவு வேலையாகத் தட்டுகளில் சாமான் அடுக்கினார். பின் உள்ளரங்கப் புட்போல் ஆடினார். ஐரோப்பா சென்று அம்ஸ்ரடாம் அணிக்கும் ஆடினார். 1999 இல் சென் லூயிஸ் ராம்ஸ் அணியில் மாற்று வீரராக இருந்தார். அந்த ஓகஸ்டில், ஒரு பிரிசீசன் ஆட்டத்தில், முதன்மை வீரர் ட்ரென்ற் கிறீனின் முழங்காலில் பலத்த காயம் ஏற்பட்டது. வோர்னர் அந்த இடத்துக்கு வந்தார். அவ்வருடம் நாட்டின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவானார். 2000 ஜனவரி 30 இல் ராம்ஸ் சுப்பர் போலை வென்றது. 2017 இல் அவர் புட்போலின் புகழ்மண்டபத்திலும் இடம்பெற்றார்.

ஒரே மாலை ஒருவரின் பருவத்தை முடித்தது, மற்றவரின் வாழ்க்கையைத் தொடக்கியது. அதைக் கணக்கிற் சேராத ஆட்டம் என்று எப்படிச் சொல்வது? சுப்பர்மாக்கற்றில் இரவில் சாமான் அடுக்குபவர்களும், வேலையில் நிரந்தரமாக்கப்படும் நாளை எண்ணிக் காத்திருப்பவர்களும் எம்மிடையே நிறையப் பேர் உண்டு. அந்த 90 பேரின் மனநிலையை எமக்கு ஒருவர் விளக்கத் தேவையில்லை.

நாம் எங்கே நிற்பது?

எந்த ஆட்டம் பெரிது என்ற வழக்குக்கு நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றிற் கடந்த காலத்தின் பாரம் இருக்கிறது. மற்றதில் வருங்காலத்தின் பயம் இருக்கிறது. இரண்டும் எமக்கு அந்நியமானவை அல்ல.

ஆனால் சில காரியங்களைச் செய்யலாம். வேலைத்தலத்தில் 'நீ யாங்கீஸா, ரெட் சொக்ஸா?' என்று கேட்டால் தெரியாதென்று நகர்ந்துவிடாமல், 'நீங்கள் எந்தப் பக்கம், ஏன்?' என்று திருப்பிக் கேளுங்கள். 1978 அல்லது 2004 பற்றிக் கேட்டால் போதும். சாப்பாட்டு நேரம் முழுவதும் அவர் பேசுவார். பெரும்பாலும் தன் தகப்பனாரைப் பற்றித்தான் பேசுவார். கேட்டிருப்பவருக்கு ஆங்கிலமும் பழகும், ஒரு சினேகிதமும் கிடைக்கும்.

பிள்ளை ஒரு அணியைத் தெரிவு செய்துவிட்டால் 'இது எங்கள் விளையாட்டா?' என்று தடுக்க வேண்டாம். கனெக்ரிகட் போன்ற மாநிலங்களில் ஒரே தெருவில் இரண்டு பக்கத்தவரும் இருக்கிறார்கள். ஒரே வீட்டிலும் இருக்கிறார்கள். பகை ஆட்டத்தோடு முடிய வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக் கொடுங்கள். பிள்ளையோடு பக்கத்தில் இருந்து ஒரு ஆட்டத்தையாவது முழுவதும் பாருங்கள். விதிகளைப் பிள்ளை உங்களுக்குச் சொல்லித் தரட்டும்.

ஓகஸ்ட் இரவொன்றில் பிரிசீசன் ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் கண்ணிற் பட்டால் சனலை உடனே மாற்றிவிடாதீர்கள். வெற்றி தோல்வியை விட்டுவிட்டு, முதுகில் பெரிய இலக்கத்தோடு ஓடும் அந்தப் பெயரறியாப் பையனைச் சிறிது நேரம் பாருங்கள். நாளை காலை அவனுக்கு வேலை இருக்குமோ இல்லையோ என்பது அந்த ஓட்டத்திலேதான் இருக்கிறது.