பக்கத்து ஊருக்குப் பறந்தாலும் மைல் சேருமா?

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரத்தில் ராங்கெல், பீட்டர்ஸ்பர்க் என்று இரண்டு சிற்றூர்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் சாலை கிடையாது; கடலும் தீவுகளும்தான். அதனால் அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஜெட் விமானமே இங்கெல்லாம் ஊர் ஊராக இறங்கி ஏறிப் போகிறது. ராங்கெலிலிருந்து பீட்டர்ஸ்பர்க் 31 மைல், அதாவது 50 கிலோமீட்டர். ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் அந்த நிறுவனத்தின் மைலேஜ் திட்டத்தில் நெடுங்காலமாக ஒரு விதி இருந்துவந்தது. பயணம் எவ்வளவு குட்டியானாலும் கணக்கில் குறைந்தது 500 மைல் ஏறும் என்பதே அது.

இந்தத் தாராளத்தின் வேர் 1978-இல் இருக்கிறது. அந்த ஆண்டு அமெரிக்க அரசு விமானக் கட்டணங்கள் மீதும் வழித்தடங்கள் மீதும் வைத்திருந்த பிடியை ஒரு சட்டத்தின் மூலம் தளர்த்தியது. ஒரே வழித்தடத்தில் பல நிறுவனங்கள் மோதத் தொடங்கின. 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘அட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியது. யார் அடிக்கடி பறக்கிறார் என்ற விவரம் அதன் ‘சேபர்’ முன்பதிவுக் கணினியில் ஏற்கெனவே இருந்தது. சில நாட்களில் யுனைடெட்டும், அதே ஆண்டில் டெல்டாவும் பின்தொடர்ந்தன. பறந்த தூரத்துக்குத் தக்க மைல்; போதுமான மைல் சேர்ந்தால் இலவச டிக்கெட். கேட்க எளிமையாக இருந்தாலும் இதில் ஒரு சிக்கல் இருந்தது. வாரம் இரண்டு முறை அலுவல் நிமித்தம் பறப்பவர் பெரும்பாலும் குறுந்தூரப் பயணி. பாஸ்டன் - நியூயார்க் சுமார் 185 மைல்தான். அதை அப்படியே எழுதினால் அவர் கணக்கு நிரம்ப ஆண்டுகள் ஆகும். அதற்குள் போட்டி நிறுவனத்துக்குப் போய்விடுவார். பல அமெரிக்கத் திட்டங்களில் அந்தக் காலத்தில் 500 மைல் என்ற அடித்தளம் இருந்ததன் நியாயம் இதுதான்.

இதெல்லாம் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் சொந்த விமானத்தில். கூட்டாளியின் விமானத்தில் ஏறினால் கதையே வேறு.

1997-இல் ஏர் கனடா, லுஃப்தான்சா, எஸ்.ஏ.எஸ்., தாய் ஏர்வேஸ், யுனைடெட் ஆகிய ஐந்தும் சேர்ந்து ‘ஸ்டார் அலையன்ஸ்’ அமைத்தன. 1999-இல் ‘ஒன்வேர்ல்ட்’, 2000-இல் ‘ஸ்கைடீம்’ வந்தன. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 மே மாதம் ஒன்வேர்ல்டிலும், ஏர் இந்தியா அதே ஆண்டு ஜூலையில் ஸ்டாரிலும் சேர்ந்தன. கூட்டணிக்குள் எந்த விமானத்தில் பறந்தாலும் மைலை ஒரே கணக்கில் சேர்க்கலாம் என்பதுதான் விளம்பரம். சேர்க்கலாம்தான், எவ்வளவு சேரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

லண்டனில் வசிக்கும் ஒருவர் ஒன்வேர்ல்டைச் சேர்ந்த பிரிட்டிஷ் ஏர்வேஸில் சென்னைக்கு வருகிறார். உறவினர்களைப் பார்த்துவிட்டு அதே கூட்டணியின் ஸ்ரீலங்கன் விமானத்தில் கொழும்புக்குப் போகிறார். சென்னை - கொழும்பு ஏறத்தாழ 400 மைல். மேகமூட்டம் காரணமாகக் கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்தின் மேல் விமானம் அரை மணி நேரம் வட்டமடித்தாலும் ஒரு மைல்கூடக் கூடாது. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரத்தையே திட்டங்கள் எடுத்துக்கொள்கின்றன. அடுத்து, டிக்கெட்டில் ஓர் ஓரமாக அச்சாகியிருக்கும் ஒற்றை எழுத்து. எகானமி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் ஒய், எம், கே, க்யூ என்று பத்துப் பதினைந்து கட்டண வகுப்புகள் ஒளிந்திருக்கின்றன. இருக்கை ஒன்றேதான், சாப்பாடும் ஒன்றேதான். விலையும் நிபந்தனைகளும் மட்டும் வேறு. முழுக்கட்டண எழுத்துக்குத் தூரத்தில் 100 சதவீதம், நடுத்தரத்துக்கு 50, சலுகைக்கு 25 என்று ஒரு திட்டம் வைத்திருப்பதாகக் கொள்வோம். நம் பயணிக்கு 400 சேரலாம், 200 சேரலாம், 100 சேரலாம். அடிமட்டச் சலுகை எழுத்தாக இருந்தால் பல திட்டங்களில் பூஜ்யம். அதே எழுத்துக்கு அதே கூட்டணியின் இன்னொரு திட்டம் பாதி மைல் கொடுக்கவும் கூடும். ஆகவே டிக்கெட் வாங்கும் முன் பார்க்க வேண்டியது பறக்கும் நிறுவனத்தின் பட்டியலை அல்ல, கணக்கு வைத்திருக்கும் திட்டத்தின் பட்டியலை.

ஏன் இத்தனை கஞ்சத்தனம்? கூட்டாளி விமானத்தில் சேரும் மைலுக்குப் பணம் கைமாறுகிறது. பறக்கவைத்த நிறுவனம், கணக்கு வைத்திருக்கும் திட்டத்துக்கு மைலுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டும். விலையை வெளியில் சொல்ல மாட்டார்கள். மலிவு டிக்கெட்டில் கிடைக்கும் லாபத்தைக் கூட்டாளிக்கு அள்ளிக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? 500 மைல் அடித்தளம் கூட்டாளி விமானங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாமல் போவதும் இதனால்தான். மைல் என்பது நிறுவனங்களுக்கு இடையே விற்று வாங்கப்படும் சரக்கு. 2020-இல் கொரோனாவால் விமானங்கள் முடங்கிக் கிடந்தபோது டெல்டா தன் ‘ஸ்கைமைல்ஸ்’ திட்டத்தையே ஈடு வைத்து 900 கோடி டாலர் திரட்டியது என்றால் சரக்கின் மதிப்பு புரியும்.

2015-இல் இன்னொரு திருப்பம் நேர்ந்தது. முதலில் டெல்டாவும் பிறகு யுனைடெட்டும், அடுத்த ஆண்டு அமெரிக்கனும் தூரத்தை விட்டுவிட்டு டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தைக் கணக்கிட ஆரம்பித்தன. அப்போது சாதாரண உறுப்பினருக்கு டாலருக்கு ஐந்து மைல். ஏர் இந்தியாவும் 2024-இல் செலவழிக்கும் பணத்தை வைத்தே புள்ளி தரும் முறைக்கு மாறியது. இதனால் குறுந்தூரப் பயணிக்கு ஒரு வேடிக்கையான நிலை. அவசரத்துக்கு எக்கச்சக்க விலையில் வாங்கிய குறும்பயணம் சொந்த நிறுவனத்தில் நிறைய மைல் தரும். கூட்டாளி நிறுவனம் விற்ற டிக்கெட்டில் பெரும்பாலும் பழைய தூரக் கணக்கே ஓடுவதால், கொடுத்த விலைக்கு அங்கே மதிப்பில்லை.

கணக்குப் பார்த்தால் 100 மைல் என்பது அற்பம். மைலுக்கு ஓர் அமெரிக்க சென்ட் என்று தோராயமாக மதிப்பிடுவது இத்துறையில் வழக்கம். அப்படியானால் 100 மைல் ஒரு டாலர். விமான நிலையக் காபிக்குக் காணாது. பிறகு எதற்கு இந்த மெனக்கெடல்? காலாவதி விதியில் இருக்கிறது விடை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் திட்டத்தில் 36 மாதம் எந்த வரவு செலவும் இல்லாவிட்டால்தான் ‘ஏவியோஸ்’ புள்ளிகள் காலாவதியாகும். பழைய பயணங்களில் சேர்ந்த 60,000 புள்ளிகள் சாகக் கிடக்கும்போது, திருச்சியிலிருந்து கொழும்புக்கு 260 மைல் பறந்து சில புள்ளிகள் ஏறினாலும் மொத்தக் குவியலுக்கும் மறுபடி மூன்று ஆண்டு உயிர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ‘கிரிஸ்ஃப்ளையர்’ அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு மைலுக்கும் சேர்ந்த நாளிலிருந்து 36 மாதம். புதிது சேர்வதால் பழையது பிழைக்காது. குறும்பயண மைலை எந்தக் கணக்கில் போடுவது என்பதற்கு, எண்ணிக்கையைவிட இந்த விதியே நல்ல வழிகாட்டி.

இப்படிக் குட்டிப் பயணங்களே பெரிய புதையலாக மாறிய சந்தர்ப்பங்களும் உண்டு. ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கிய ஐந்தில் ஒன்றான எஸ்.ஏ.எஸ்., 2024 செப்டம்பரில் அணி மாறி ஸ்கைடீமில் சேர்ந்தது. சேர்ந்த கையோடு ஒரு பந்தயம் வைத்தது. அக்டோபர் தொடக்கத்திலிருந்து ஆண்டு முடிவதற்குள் ஸ்கைடீமின் 15 வெவ்வேறு நிறுவனங்களில் பறந்தால் 10 லட்சம் புள்ளிகள், பத்து நிறுவனமென்றால் 1 லட்சம், ஐந்தென்றால் 10,000. தூரம் ஒரு பொருட்டே இல்லை. உலக வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுவனத்திலும் மலிவான குட்டி வழித்தடம் எது என்று தேடிக் கோத்தார்கள் ஆர்வலர்கள். நூற்றுக்கணக்கானோர் வென்றார்கள். 2018 ஜூனில் ஸ்பெயினின் ஐபீரியா செய்தது இன்னும் விசித்திரம். ஒரு டிக்கெட் வாங்கினால் 9,000 ஏவியோஸ், அதிகபட்சம் பத்து டிக்கெட்; பறக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. மலிவான உள்நாட்டு டிக்கெட்டாகப் பார்த்துப் பத்து வாங்கி, 90,000 புள்ளிகளை வீட்டிலிருந்தபடியே சேர்த்தவர்கள் ஏராளம்.

ஆனால் பந்தயம் எதுவும் இல்லாத நாளில், வெறும் மைலுக்காகக் குறும்பயண டிக்கெட் வாங்குவது அசட்டுத்தனம். எப்படியும் போகப்போகிற பயணத்தின் மைலைக் கோட்டைவிடாமல் இருந்தால் போதும்.

கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. முதலாவது, பெயரைப் பார்த்து ஏமாறுவது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட் பறக்கிறது, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பறக்கிறது. ஒன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிள்ளை, மற்றது ஏர் இந்தியாவின் பிள்ளை. பெற்றவர்கள் ஸ்டார் அலையன்ஸில் இருந்தாலும் பிள்ளைகள் இல்லை. ஸ்கூட்டில் போனவர் கிரிஸ்ஃப்ளையர் மைல் சேர்க்கலாம். லுஃப்தான்சா கணக்கு எண்ணைக் கொடுத்தால் ஒன்றும் சேராது. இரண்டாவது, ஒரே விமானத்தை இரண்டு நிறுவனங்கள் தத்தம் எண்ணில் விற்கும் ‘கோட்ஷேர்’. ஏறுவது ஒருவருடைய விமானம், டிக்கெட்டில் இருப்பது இன்னொருவருடைய எண். மைல் எந்த எண்ணைப் பொறுத்தது என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறுகிறது.

மைல் ஏறவில்லை என்றால் கேட்டு வாங்கலாம். அதற்கு போர்டிங் பாஸும் 13 இலக்க டிக்கெட் எண்ணும் தேவை. அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தாலே டிக்கெட் யாருடையது என்று தெரிந்துவிடும்: 603 என்றால் ஸ்ரீலங்கன், 125 என்றால் பிரிட்டிஷ் ஏர்வேஸ், 098 என்றால் ஏர் இந்தியா. கோருவதற்குச் சில மாதக் கெடுதான், அதுவும் எந்தக் கணக்கிலும் ஏறாத பயணத்துக்கு மட்டும். ஒரு கணக்கில் ஏறிவிட்ட பயணத்தைப் பெயர்த்து இன்னொன்றில் போடும் வழக்கம் கிடையாது. தவறான உறுப்பினர் எண் போர்டிங் பாஸில் அச்சாகியிருப்பது கண்ணில் பட்டால், விமானம் ஏறுவதற்கு முன்பே கவுன்டரில் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.