வீட்டில் கேம் விளையாட: கம்ப்யூட்டரா, கேம் கன்சோலா?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். பாடம், டைப்பிங், இன்டர்நெட் என்று எல்லாம் ஒழுங்காகப் போய்க் கொண்டிருக்கும். ஒரு நாள் மகனோ மகளோ வந்து, "இதில் புது கேம் எதுவும் ஓட மாட்டேங்குது. கிராபிக்ஸ் கார்டு போடணுமாம். இல்லேன்னா பிளேஸ்டேஷன் வாங்கிக் கொடுங்க" என்பார்கள். கடைக்காரரைக் கேட்டால் அவர் விற்பதைச் சொல்வார். நண்பரைக் கேட்டால் அவர் வைத்திருப்பதைச் சொல்வார். கையில் இருப்பதோ இருபதாயிரமோ முப்பதாயிரமோதான். அதை எதில் போடுவது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நான் பெங்களூருவில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று.

எங்கள் பக்கத்தின் முதல் கேம் மெஷின்

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்த எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். அதுவே முதல் கேம் மெஷினும் ஆனது. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஆனாலும் கிரிக்கெட் 07 ஓடியது, ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி ஓடியது. 2003ல் கம்ப்யூட்டருக்கு வந்த வைஸ் சிட்டி கேட்டது 800 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 128 எம்பி ராம், 32 எம்பி வீடியோ மெமரி மட்டுமே.

இதில் இருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் பழைய கேம்கள் சாவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கேம் இன்றும் சாதாரண சிஸ்டத்தில் ஓடும். எனவே புதிதாக எதையும் வாங்கும் முன், உங்கள் வீட்டில் இருப்பது எதையெல்லாம் இயக்கும் என்று பார்த்துவிடுங்கள்.

முதலில் உங்கள் சிஸ்டத்தைப் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பாமன்ஸ் என்ற பிரிவைக் கிளிக் செய்திடுங்கள். சி.பி.யு., மெமரி, ஜி.பி.யு. என்று வரிசையாகத் தெரியும். ஜி.பி.யு. என்பதுதான் படம் காட்டும் வேலையைச் செய்யும் சிப். அங்கே இன்டெல் யு.எச்.டி. என்றோ, எண் எதுவும் இல்லாமல் ஏ.எம்.டி. ரேடியான் கிராபிக்ஸ் என்று மட்டுமோ இருந்தால், உங்களிடம் தனி கார்டு இல்லை. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்தான் என்று பொருள்.

இதை வைத்துக் கொண்டே விளையாடக் கூடியவை நிறைய உண்டு. 2020ல் வந்த வேலரன்ட் ஒரு இலவச கேம். குறைந்தபட்சமாக 4 ஜிபி ராமும், இன்டெல் எச்.டி. 4000 போன்ற பழைய உள் கிராபிக்சும் இருந்தாலே அது இயங்கும். விண்டோஸ் 11 என்றால் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் இரண்டும் ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும். எபிக் கேம்ஸ் ஸ்டோர் 2018 டிசம்பரில் தொடங்கியதில் இருந்தே இலவச கேம்களை வழங்கி வருகிறது. 2020 மே மாதம் ஜி.டி.ஏ. 5 கூட அப்படிக் கொடுக்கப்பட்டது.

டெஸ்க்டாப்பில் ராம் ஒரே ஒரு கார்டாக இருந்தால், அதே அளவுள்ள இன்னொன்றைச் சேர்த்து இரண்டாகப் போடுங்கள். உள் கிராபிக்ஸ், ராமையே தன் மெமரியாகப் பயன்படுத்துவதால் வேகம் நன்றாகவே கூடும். ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசர்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 இறுதியில் ராம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. எனவே பழைய விலையை மனதில் வைத்துக் கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டு உபயோக லேப்டாப்பைத் திறந்து உள்ளே கிராபிக்ஸ் கார்டு சேர்க்க முடியாது. அவர்களுக்கு இந்த வழி அடைபட்டது என்றே கொள்ளலாம்.

மாமா கேட்ட கேள்வி

பென்னாகரம் பக்கத்தில் விவசாயம் செய்யும் என் மாமாவின் மகன் 2024ல் இன்ஜினியரிங் சேர்ந்தான். வீட்டில் ஏற்கெனவே ஒரு செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் கம்ப்யூட்டர் இருந்தது. எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம். பையன் கேட்டது பிளேஸ்டேஷன் 5. மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாங்கி வச்சுட்டா அதோட முடிஞ்சுதா மாப்ள, இல்ல அப்பப்ப காசு கேக்குமா?" என்றார்.

கம்ப்யூட்டரே இயக்கத் தெரியாத அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. பெட்டியின் விலை முதல் நாள் செலவு மட்டுமே. நாம் பார்க்க வேண்டியது மூன்று ஆண்டுச் செலவை.

கன்சோல் கணக்கு

கேம் கன்சோல் என்பது டி.வி.யில் இணைத்து விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று விற்பனைக்கு வந்தது. டிஸ்க் போடும் மாடல் ரூ. 49,990, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் ரூ. 39,990. 2022 நவம்பரில் இரண்டும் ஐந்தாயிரம் ரூபாய் கூடின. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020 நவம்பரில் ரூ. 34,990க்கு வந்தது. அதில் டிஸ்க் டிரைவ் இல்லை. இவை அன்றைய விலைகள். இன்றைய விலையைக் கடையில் கேட்டுக் கொள்ளுங்கள்.

இனி மாமாவின் கேள்விக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 5ல் சோனியே வெளியிட்ட பெரிய கேம்கள் பல, வந்தபோது ரூ. 4,999க்கு விற்கப்பட்டன. ஆண்டுக்கு மூன்று வாங்கினால் ஏறத்தாழ 15,000. மூன்று ஆண்டுகளில் 45,000. அதாவது இன்னொரு கன்சோலின் விலை. தம்பியும் சேர்ந்து விளையாட இன்னொரு கன்ட்ரோலர் வேண்டும். பிளேஸ்டேஷன் 5ன் கன்ட்ரோலர் வந்தபோது அதன் விலை ரூ. 5,990. காசு கொடுத்து வாங்கிய கேமை இன்டர்நெட் வழியே மற்றவர்களுடன் விளையாடச் சந்தா தனி. போர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு இந்தச் சந்தா தேவையில்லை.

கன்சோலில் நன்மைகளும் உண்டு. இன்று வாங்கும் கேம் ஓடுமா ஓடாதா என்ற கவலை இல்லை. டிஸ்க் மாடலில் விளையாடி முடித்த டிஸ்க்கை விற்கலாம், நண்பர்களுடன் மாற்றிக் கொள்ளலாம். கம்ப்யூட்டரில் ஸ்டீம் போன்ற ஸ்டோரில் வாங்கிய கேம் உங்கள் அக்கவுண்ட்டோடு கட்டுப்பட்டது, விற்க முடியாது. டிஸ்க் இல்லாத கன்சோலுக்கும் இதே நிலைதான். எனவே சிக்கனமாக இருக்க நினைப்பவர்கள், முதலில் விலை கூடினாலும் டிஸ்க் மாடலையே பார்க்க வேண்டும்.

சில பெரிய கேம்கள் கன்சோலுக்கே முதலில் வரும். வைஸ் சிட்டி பிளேஸ்டேஷன் 2ல் வந்தது 2002ல், கம்ப்யூட்டருக்கு 2003ல். ஜி.டி.ஏ. 5 கன்சோலில் 2013 செப்டம்பர். கம்ப்யூட்டரில் 2015 ஏப்ரல். ஜி.டி.ஏ. 6 வெளியீட்டுத் தேதியை 2026 நவம்பர் 19 என்று 2025 நவம்பரில் அறிவித்தபோதும், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகியவற்றை மட்டுமே குறிப்பிட்டார்கள். காத்திருக்க முடியாதவர்களுக்கு இது முக்கியம்.

கம்ப்யூட்டர் கணக்கு

மாமா வீட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிக்கல் எஸ்.எம்.பி.எஸ். தான். இந்த வகைச் சிறிய பெட்டிகளில் 240, 260 வாட் அளவில்தான் பவர் சப்ளை இருக்கும். கார்டுக்குத் தனி மின் இணைப்பு வயரும் இருக்காது. எனவே மதர்போர்டு ஸ்லாட்டில் கிடைக்கும் 75 வாட்டிலேயே இயங்கும் கார்டாகத் தேட வேண்டியிருந்தது. ஜிடிஎக்ஸ் 1650 அப்படிப்பட்டது. ஆனால் அதிலும் சில மாடல்கள் தனி வயர் கேட்கும். பெட்டி ஒல்லியாக இருந்ததால் லோ புரொபைல் எனப்படும் குட்டைக் கார்டு தேவைப்பட்டது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இரண்டு வாரம் தேடி ஒரு பழைய கார்டு வாங்கினேன். கூடவே இன்னொரு 8 ஜிபி ராம். மொத்தம் பத்தாயிரத்துக்குள் முடிந்தது.

அந்த சிஸ்டத்தில் இன்றைய பெரிய கேம்களை முழுத் தரத்தில் விளையாட முடியாது. செட்டிங்சைக் குறைத்து, 2018, 2019 வரை வந்த கேம்களை நன்றாக விளையாடுகிறான். ஸ்டீமில் கோடையிலும் ஆண்டு இறுதியிலும் தள்ளுபடி வரும்போது பழைய கேம்கள் சில நூறு ரூபாய்க்கே கிடைத்துவிடுகின்றன. அதே கம்ப்யூட்டரில்தான் சி புரோகிராம் எழுதுகிறான். ஸ்காலர்ஷிப் விண்ணப்பமும் போட்டான். கன்சோலில் இந்த வேலைகள் நடக்காது.

பழைய கம்ப்யூட்டரும் கார்டும் வாங்குபவர்கள் மூன்றைப் பாருங்கள்:

1. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். ஆறு, ஏழாம் தலைமுறை கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

2. பிராசசர் பெயரின் கடைசியில் இன்டெல்லில் எப் என்ற எழுத்து இருந்தால், உதாரணமாக ஐ3 12100எப், அதில் உள் கிராபிக்ஸ் இல்லை. தனி கார்டு போடும் வரை திரையில் படமே வராது.

3. ஜிடிஎக்ஸ் 1050 டி.ஐ. போன்ற 10 வரிசைக் கார்டுகளுக்கு, புதிய கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 1650 அடுத்த தலைமுறைக் கார்டு என்பதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை. எதுவானாலும் கடையிலேயே கால் மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "எல்லா கேமும் பென் டிரைவில் போட்டுத் தருகிறேன்" என்பவர்களிடம் வாங்காதீர்கள். கிராக் செய்த கேமோடு பாஸ்வேர்டு திருடும் புரோகிராமும் சேர்ந்து வரலாம். அந்தக் கம்ப்யூட்டரில்தான் நீங்கள் பேங்க் அக்கவுண்ட்டையும் திறக்கிறீர்கள். இலவசமாகவும் தள்ளுபடியிலும் இத்தனை கேம்கள் கிடைக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

நெட்டும் கரண்ட்டும்

கிராமத்தில் இருப்பவர்கள் பலர் யோசிக்காதது டவுண்லோட். இன்றைய பெரிய கேம் ஒன்று 100 ஜிபி அளவுக்கு இருக்கிறது. மொபைலில் நாளுக்கு 2 ஜிபி டேட்டா என்றால் இதற்கு ஐம்பது நாள் ஆகும். 30 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பில் ஏழரை மணி நேரம். டிஸ்க் வாங்கினாலும் பல கேம்களுக்கு அப்டேட்டுகள் பெரிதாகவே வரும். பைபர் இணைப்பு இன்னும் வராத ஊரில் இருந்தால், டிஸ்க் இல்லாத கன்சோல் வேண்டவே வேண்டாம். கம்ப்யூட்டரிலும் சிறிய கேம்களாகவே தேர்ந்தெடுங்கள்.

மின்சாரத்தையும் கணக்கிடுவோம். தினம் இரண்டு மணி நேரம் விளையாடினால், நம் மின் கட்டணம் கணக்கிடப்படும் இரண்டு மாதங்களில், சுமார் 75 வாட் எடுக்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 9 யூனிட், சுமார் 200 வாட் எடுக்கும் பிளேஸ்டேஷன் 5 24 யூனிட், 300 வாட் எடுக்கும் கேமிங் கம்ப்யூட்டர் 36 யூனிட் செலவழிக்கும். டி.வி.யும் மானிட்டரும் தனி. 100 யூனிட் இலவசத்துக்குள் வாழும் வீட்டில் இது கண்டிப்பாகத் தெரியும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் யு.பி.எஸ். விலையையும் பட்ஜெட்டில் சேர்த்துக் கொள்ளுங்கள். அப்டேட் ஆகும்போது கரண்ட் போனால் கன்சோலிலும் டேட்டா கெடலாம்.

யாருக்கு எது?

டெஸ்க்டாப் இருக்கிறது, பிள்ளை கல்லூரிக்குப் போகிறார் அல்லது போகப் போகிறார் என்றால் கம்ப்யூட்டரை மேம்படுத்துங்கள். பத்தாயிரம் ரூபாய் வேலையை முடித்துவிடும்.

படிப்புக்கு லேப்டாப் தனியாக இருக்கிறது, நல்ல டி.வி. இருக்கிறது, அண்ணன் தம்பி சேர்ந்து உட்கார்ந்து விளையாடுவார்கள் என்றால் கன்சோல் தவறில்லை. பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் எங்கள் தூரத்து உறவினர் வீட்டில் இப்படித்தான். இரண்டு பையன்களும் புட்பால் கேம் ஒன்றையே வருடம் முழுக்க விளையாடுகிறார்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் கார்டு வீண் செலவாகியிருக்கும்.

கம்ப்யூட்டரே இல்லாத வீட்டில் கையில் இருப்பது முப்பதாயிரம்தான் என்றால், கேமை நினைக்காமல் படிப்புக்கான கம்ப்யூட்டரை வாங்குங்கள். பின்னால் கார்டு போட இடம் உள்ள டெஸ்க்டாப்பாக இருக்கட்டும்.

எந்த வகையானாலும் கடனில் வாங்காதீர்கள். மாதத் தவணை முடியும் முன்பே பிள்ளைக்கு அந்த கேம் சலித்திருக்கும். முதல் மாதம் இருக்கும் சிஸ்டத்திலேயே இலவச கேம்களை விளையாட விடுங்கள். எந்த கேம் ஓடவில்லை, அது உண்மையிலேயே வேண்டுமா என்று ஒரு தாளில் எழுதி வரச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போனால், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி வாங்க வேண்டிய நிலை இருக்காது.