மயக்க மருந்துப் பரீட்சைக்கு எந்தப் புத்தகம்?

ஆபரேஷன் என்றதும் நமக்கு யார் நினைவு வருகிறது? கத்தி பிடிக்கும் டாக்டர்தான்! ஆனால் நோயாளியின் தலைமாட்டில் இன்னொரு டாக்டரும் இருக்கிறார். அவர்தான் மயக்க மருந்து கொடுப்பவர்.

மருந்தைக் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்துவிடாது. நோயாளியின் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அவர் கண் கொட்டாமல் கவனிக்க வேண்டும். கடைசியில் நோயாளியைப் பத்திரமாக எழுப்புவதும் அவர் பொறுப்பே.

அத்தகைய டாக்டர் ஆக ஒரு பெரிய பரீட்சை உண்டு. அதற்கு எந்தப் புத்தகத்தைப் படிப்பது? இது மாணவரின் கவலை மட்டும் அல்ல. நாளைக்கு ஆபரேஷன் மேஜையில் படுப்பவர் நம் வீட்டாராகவும் இருக்கலாம் அல்லவா?

நான்கு தாள்கள்

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் மயக்கவியலில் எம்.டி. பட்டம் பெற, மேலும் 3 ஆண்டுகள் படிக்க வேண்டும். முடிவில் 4 தாள்கள் எழுத வேண்டும்.

உடலின் இயக்கம், மருந்து, கருவி ஆகியவை முதல் தாள். இருதய நோய், சர்க்கரை நோய் முதலியவை உள்ளவருக்கு மயக்கம் கொடுப்பது இரண்டாம் தாள். பிரசவம், குழந்தைகள், மூளை என்று தனித்தனித் துறைகள் மூன்றாம் தாள். தீவிர சிகிச்சை, வலி நிவாரணம், புதிய முன்னேற்றங்கள் நான்காம் தாள். பிறகு நேர்முகக் கேள்விகளும், நோயாளியைப் பரிசோதித்துச் சொல்வதும் உண்டு.

அன்றும் இன்றும்

1846-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஆபரேஷனுக்கு ஈதர் கொடுத்துக் காட்டினார். மறு ஆண்டே லண்டன் டாக்டர் ஜான் ஸ்நோ ஈதரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டார். 1853-ல் விக்டோரியா ராணியின் பிரசவத்தின்போது குளோரோபாரம் கொடுத்தவர் இவரே. குளோரோபாரம் பற்றிய இவருடைய பெரிய நூல் 1858-ல், இவர் இறந்த பிறகு வெளிவந்தது.

அன்று இந்தத் துறைப் புத்தகங்களை விரல் விட்டு எண்ணலாம். இன்றோ அலமாரி கொள்ளாது! ஆகவே எதை வாங்குவது என்பதைவிட எதை விடுவது என்பதே பெரிய பிரச்சினை.

பெரியதும் சிறியதும்

உலகம் முழுவதும் பேர்பெற்றது ‘மில்லர்’ புத்தகம். 1981-ல் முதலில் வெளிவந்தது. இப்போது இரண்டு பெரிய தொகுதிகள். 3 ஆயிரம் பக்கங்களுக்கு மேல். தினம் 10 பக்கம் படித்தாலும் 300 நாளில் முடியாது!

‘மார்கன்–மிக்கேல்’ என்பது ஒரே தொகுதி. மாணவர் இதைப் போன்ற ஒன்றை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட வேண்டும். சந்தேகம் வரும்போது மட்டும் நூலகத்தில் ‘மில்லரை’ப் புரட்டினால் போதும். மருந்துகளுக்கு ‘ஸ்டோல்டிங்’, கருவிகளுக்கு ‘டார்ஷ்’ என்று தனி நூல்கள் இருக்கின்றன. அவற்றையும் இப்படியே உபயோகிக்கலாம்.

சுருக்கமான ‘கைடு’களைக் கடைசி இரண்டு வாரங்களுக்கு வைத்துக் கொள்ளலாம். முதலிலேயே அவற்றைப் பிடித்தால், ‘ஏன்?’ என்று பரீட்சகர் கேட்கும்போது நா எழாது.

பழைய புத்தகம் ஆபத்து

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பதிப்பை வாங்கலாமா? கூடாது!

உடலில் ஓரிடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவது உண்டு. அந்த மருந்து அளவு மீறி ரத்தத்தில் கலந்தால் வலிப்பு வரும், இருதயமே நின்றுவிடலாம். அப்போது 20 சதவீதக் கொழுப்பு மருந்தை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். இப்படி ஒரு மனிதரைக் காப்பாற்றிய செய்தி முதலில் வெளிவந்தது 2006-ல்தான். அதற்கு முன் அச்சான பாடநூலில் இந்த வைத்தியத்தைக் காண முடியாது.

இன்னொன்று: இருதயம் நின்றவருக்கு முதலில் மூச்சுப் பாதை, பிறகு மார்பு என்று ஒரு காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். 2010-ல் அமெரிக்க இருதயச் சங்கம் இதை மாற்றியது. முதலில் மார்பை அழுத்து என்றது.

ஆகவே விலையைப் பார்க்கும் முன் அச்சான ஆண்டைப் பாருங்கள். காசில்லாமல் கிடைக்கும் நல்ல சரக்கும் உண்டு. ‘இந்தியன் ஜர்னல் ஆப் அனஸ்தீஷியா’ பத்திரிகையை இன்டர்நெட்டில் இலவசமாகப் படிக்கலாம். மூச்சுக்குழாயில் டியூப் செலுத்துவது கஷ்டமானால் படிப்படியாக என்ன செய்வது என்று நம் நாட்டு நிபுணர்கள் வகுத்த முறை, 2016-ல் இதில்தான் வெளியாயிற்று.

மூடிவிட்டுச் சொல்

ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதா? மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்ப்பதா?

ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க மனநூல் அறிஞர்கள் இதைச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, எழுதிப் பார்த்தவர்களே ஜெயித்தார்கள்!

ஆகவே பழைய கேள்வித்தாள் கட்டு ஒன்று மாணவரிடம் கட்டாயம் இருக்க வேண்டும்.

கையில் எடுத்துப் பார்

மயக்க மருந்து இயந்திரத்தில் பிராண வாயு சிலிண்டரும், ‘சிரிப்பு வாயு’ என்னும் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரும் உண்டு. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை மாட்டினால் உயிர் போய்விடும். அதனால் இயந்திரத்தில் சிறு முளைகளும், சிலிண்டரில் அவற்றுக்கு ஏற்ற துளைகளும் வைத்திருக்கிறார்கள். பிராண வாயுவுக்கு 2, 5-ம் இடங்கள்; நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5-ம் இடங்கள். மாற்றி மாட்டினால் பொருந்தாது.

இதைப் படத்தில் பார்த்தால் பத்து நாளில் மறக்கும். சிலிண்டரைக் கழற்றி ஒரு தடவை மாட்டிப் பார்த்தவருக்கு மறக்காது. ஆபரேஷன் அறையும் ஒரு புத்தகமே. அதற்கு விலையும் இல்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கு

உங்கள் மகனோ மகளோ இந்தப் படிப்புப் படித்தால், ‘இன்று எத்தனை பக்கம் முடித்தாய்?’ என்று கேட்காதீர்கள். ‘படித்ததை எனக்குப் புரியும்படி சொல், பார்ப்போம்’ என்று கேளுங்கள். வைத்தியம் தெரியாத தாய்க்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்தவர், பரீட்சகர் முன்னால் தடுமாற மாட்டார். பயந்துபோய் வரும் நோயாளிக்கும் நாலு வார்த்தை தெளிவாகச் சொல்லித் தைரியம் கொடுப்பார்.