ஆயிரம் ரூபாய் கோர்ஸ் திடீர்னு 'ஃப்ரீ' ஆவது எப்படி? கூப்பன் கோடு கணக்கு இதுதான்!

டெலிகிராம் குரூப்பில் ஒரு லிங்க் வருகிறது. ஆயிரக்கணக்கில் விலை போட்ட பைத்தான் கோர்ஸ், கூப்பன் கோடு போட்டதும் ரூ.0. 'இதில் யாருக்கு என்ன லாபம்?' என்று தோணுதா?

யுடெமி தளத்தில் இந்தக் கோடை உருவாக்குவது பெரும்பாலும் பாடம் எடுப்பவரேதான். சில நாள்களில் காலாவதியாகிவிடும். இத்தனை பேருக்குத்தான் என்ற வரம்பும் உண்டு. இலவசமாகச் சேர்பவரால் அவருக்கு ஒரு பைசா வராது. ஆனால், மாணவர் எண்ணிக்கை ஏறும், ரிவ்யூ விழும். புது கோர்ஸுக்கு அதுதான் விளம்பரம்.

தள்ளுபடி கோடிலும் கணக்கு இருக்கு. ஆசிரியர் பகிர்ந்த கோடு மூலம் விற்றால், வரி போன்ற கழிவுகள் போக 97% அவருக்கு. தளத்திலேயே தேடி வந்து வாங்கினால் 37% மட்டுமே. யூடியூப் வீடியோக்களுக்குக் கீழே கோடு தொங்குவது அதனால்தான்.

சரி, நீங்க என்ன செய்யணும்? '20,000 மாணவர்கள்' என்ற எண்ணை மட்டும் நம்பிப் பணம் கட்டிடாதீங்க. ஃப்ரீயாகச் சேர்ந்து, ஒரு வீடியோகூடப் பார்க்காதவர்களும் அதில் இருக்கலாம். சமீபத்திய ரிவ்யூக்களைப் படிங்க, முன்னோட்ட வீடியோவைப் பாருங்க.

முக்கியமா, ரூ.0 கோர்ஸுக்கு கார்டு நம்பரோ யுபிஐ பின்னோ தேவையே இல்லை. கேட்டால், உடனே வெளியே வந்துடுங்க!