மௌனம் சம்மதமா? – பர்மியரின் பணியிடப் பண்பு

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது நம்மவர் வாக்கு. 1989 முதல் மியான்மர் என வழங்கும் பர்மா நாட்டுத் தொழிலகங்களில் இவ்வாக்கை நம்பி நடப்பவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். மேலாளர் ஒரு திட்டத்தைச் சொல்லி, "யாருக்கேனும் ஐயம் உண்டா?" என்று வினவுவார். அவையில் ஒருவரும் வாய் திறவார். அத்திட்டத்தின் குறையை அவர்களுள் பலர் அறிந்திருக்கவும் கூடும். அறிந்தும் ஏன் சொல்வதில்லை?

இதற்கு விடை கூறும் பர்மியச் சொல் 'ஆநாடே' என்பது. 'ஆ' என்றால் வலிமை. 'நா' என்றால் நோவு. பிறர்க்குச் சங்கடமோ தொல்லையோ தம்மால் விளையலாகாதே என்று உள்ளம் கூசுவதை இச்சொல் குறிக்கும். நம் 'தாட்சண்ணியம்' இதற்கு ஓரளவு நெருங்கிய சொல். பலர் முன்னிலையில் மேலாளரின் பிழையைச் சுட்டினால் அவர் முகம் வாடும். அவ்வாட்டத்திற்குத் தாம் காரணமாகலாகாது என்றே ஊழியர் ஒதுங்குவர். ஆகவே இதனைக் கோழைத்தனம் என்றோ அக்கறையின்மை என்றோ கொள்வது தவறு.

பர்மியர் மொழியும் இப்பண்பை வளர்க்கிறது. ஐக்கிய நாடுகளின் பொதுச் செயலாளராக 1961 முதல் 1971 வரை விளங்கிய ஊ தாண்ட் அவர்களின் பெயரில் உள்ள 'ஊ' பெயரன்று. மூத்த ஆடவர்க்குரிய மரியாதை அடை. மூத்த பெண்டிர்க்கு 'டோ'. பணியிடத்தில் மேலவரை 'சயா' என்பர். ஆசிரியர் என்பது அதன் பொருள். புத்தர், தர்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் ஆகிய ஐவகையினரையும் அளவிறந்த நன்றிக்குரியவராகப் போற்றுவது பர்மியப் பௌத்தர் வழக்கம். ஆசிரியர் என்று அழைத்த வாயால் அவரையே மறுத்துரைப்பது எளிதன்று.

'ஹோக்கே' என்னும் சொல்லை 'ஆம்' என்று மொழிபெயர்ப்பர். ஆயினும், "தாங்கள் கூறியது என் செவியில் விழுந்தது" என்ற அளவிலேயே அது பல வேளைகளில் நின்றுவிடும். 'யபாடே' என்பது "பரவாயில்லை" எனப் பொருள்படும். தேவையிருந்தும் உதவியை மறுக்கும் பணிவும் அதில் அடங்கும். இயந்திரம் பழுதுற்றதையோ, மருந்தின் அளவு மாறியதையோ இப்பணிவு மறைத்துவிடுமாயின், விளைவது உயிர்ச்சேதமாகவும் இருக்கலாம்.

எல்லா மௌனத்தையும் பண்பாட்டின் மேல் ஏற்றுவதும் நேர்மையாகாது. 1962 முதல் நெடுங்காலம் நிலவிய இராணுவ ஆட்சியில் அச்சமும் வாயைக் கட்டியது. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை 2011ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் வழங்கியது. 2021இல் பல தொழிலாளர் அமைப்புகள் சட்டவிரோதமானவை என அறிவிக்கப்பட்டன.

எனினும் பர்மியர் பேசாதவர் அல்லர். 1938இல் சௌக், ஏனாஞ்சௌங் எண்ணெய் வயல்களின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, இரங்கூனை நோக்கி அணிவகுத்து நடந்தனர். 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அரசு மருத்துவரும் செவிலியரும் பணிக்குச் செல்ல மறுத்தனர். ஆசிரியரும் இரயில்வே ஊழியரும் அவர்களைப் பின்பற்றினர். தமக்காகக் கேட்கக் கூசுவோரும் பலர்க்காகப் பேசும்போது துணிவு பெறுகின்றனர்.

இத்தகையோரோடு பணிபுரிபவர் கேட்கும் முறையை மாற்றிக்கொள்ளல் வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்பதை விட, "இதனை எவ்வாறு தொடங்குவீர்?" என்று கேட்பது பயன் தரும். கூட்டத்தில் வினவாமல் தனியே வினவலாம். மூத்த ஊழியர் ஒருவர் வாயிலாகவும் அறியலாம். குறையைச் சொன்னவரைக் கடிந்துகொள்ளாதிருத்தல் எல்லாவற்றிலும் முதன்மையானது. ஒருவர் வசை பெற்றால், அவருடன் பத்துப் பேர் வாய் மூடுவர்.

மணிப்பூர் எல்லையில் உள்ள மோரே ஊரில் 1960களில் பர்மாவினின்றும் வந்த தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. இச்சொற்கள் அவர்கட்குப் புதியன அல்ல. வேற்று மாநிலங்களில் வேற்று மொழியினரோடு உழைக்கும் ஏனைய தமிழர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. உடன் உழைப்பவர் பேசாதிருப்பின், அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவு செய்யாதீர்கள். அவர் சொல்வதற்கு ஏற்ற இடத்தை நாம் அளித்தோமா என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.